மறு: ‘ஐலண்டிங்’ – ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> ‘ஐலண்டிங்’ என்பதற்குத் ‘தீவாக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். பொருள் நேராக வந்துவிடுகிறது.

ஐயா எழுதிய இந்த வரிக்குத்தான் மறுமொழி. மின்தொகுப்பிலிருந்து (கிரிட்) பிரிந்துபோன ஒரு பகுதி, தன்னிடமுள்ள உற்பத்தியால் மின்சாரத்தோடு இருப்பதைத்தான் ‘ஐலண்டிங்’ என்கிறார்கள். சற்று நீளும், பொறுத்தருள்க.

பல்லடம் அருகே ஒரு நூற்பாலையின் மின்பணியாளர்களுக்காகத் தமிழில் கையேடு எழுதி வருகிறேன். ஆலையின் கூரையில் 300 கிலோவாட் சூரியத் தகடுகள் போட்டிருக்கிறார்கள். ஆலைக்கு இரவு பகலாகச் சராசரியாக 800 கிலோவாட் வேண்டும். நாளுக்கு 19,200 யூனிட். ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் ஏறத்தாழ 4 யூனிட் தரும் என்று வைத்தால் கூரை தருவது 1,200. பதினாறில் ஒரு பங்கு. ஆக, ஆலை எந்நேரமும் மின்தொகுப்போடு இணைந்தேதான் ஓடும். சிக்கல் பிறப்பதும் அந்த இணைப்பில்தான்.

வெளியே மின்சாரம் நின்றால், உச்சி வெயிலானாலும், தகடுகளின் மின்சாரத்தை மாற்றி ஆலைக்குத் தரும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் கூரை மின்சாரம் ஆலையின் மின்மாற்றி வழியே உயரழுத்தமாக ஏறி வெளிக்கம்பிக்குப் போய்விடும். எல்.சி. (லைன் கிளியர், மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கிக்கொண்டு கம்பத்தில் ஏறியவருக்கு அது செத்த கம்பி. பணியாளர்கள் இதை ‘ரிட்டர்ன் சப்ளை’ என்று சொல்லி அஞ்சுகிறார்கள். அவர்கள் கையில் ‘தீவாக்கம்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ராமேசுவரம் நினைவுக்கு வரும். அந்த அச்சம் வராது.

ஞாயிற்றுக்கிழமையை எண்ணிப் பாருங்கள். வேலை நாளில் சுமை (ஆலை இழுக்கும் மின்சாரம்) கூடுதல், சூரிய மின்சாரம் குறைவு. வெளி மின்சாரம் அறுந்த கணமே மின்னழுத்தம் சரிந்து, இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு நின்றுவிடும். விடுமுறையில் எந்திரங்கள் நிற்கும்போது சுமையும் கூரையின் உற்பத்தியும் ஏறத்தாழ ஒன்றாகிவிடலாம். அப்போது அழுத்தமும் அதிர்வெண்ணும் அசையாமல் நிற்கும். வெளியே அறுந்தது உள்ளே தெரியாது. அதற்காகத்தான் நல்ல இன்வெர்ட்டர் அதிர்வெண்ணைத் தானே சிறிது தள்ளிப் பார்க்கிறது. மின்தொகுப்பு இருந்தால் தள்ளினாலும் நகராது. நகர்ந்தால், தான் துண்டில் இருப்பதை அறிந்து நின்றுவிடும். 2 நொடிக்குள் நிற்க வேண்டும் என்பது மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1547 தரத்தின் விதி.

அப்படி ஒரு ஞாயிறு இதைச் சோதித்தோம். முதன்மை பிரேக்கரைத் திறந்ததும் இன்வெர்ட்டருக்குள் ரிலே ‘டக்’ என்றது, திரையில் சிவப்பு விளக்கு. முப்பது ஆண்டு அனுபவமுள்ள மூத்த எலக்ட்ரீசியன் ஒருவர் அதை நம்பவில்லை. மூன்று ஃபேஸிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான், “அறுந்த பல்லிவால் துடித்து அடங்குகிற மாதிரி” என்றார். நான் தேடிய பொருள் முழுவதும் அதில் இருந்தது: உடலிலிருந்து அறுந்தது, ஆனால் உயிர் போகவில்லை.

‘தனித்தியங்கல்’ என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார்கள். தெளிவான சொல். ஆனால் மின்தொகுப்பே எட்டாத மலைக்கிராமத்தில் பேட்டரியோடு ஓடும் அமைப்புக்கு அது வேண்டும். அங்கே யாரும் எதிலிருந்தும் அறுபடவில்லை. ‘எஞ்சுமின்’ என்பதும் வேண்டாம். வினையோடு ‘மின்’ சேர்ந்தால் கேண்மின், வம்மின் போல ஏவலாகிவிடுகிறது. இந்தக் கோளாறு நம் பட்டியலில் வேறு பல சொற்களிலும் இருக்கிறது, தனி இழையில் பேசலாம்.

என் பரிந்துரை ‘துண்டுயிர்ப்பு’. துண்டிக்கப்பட்ட பகுதி உயிர்ப்போடு இருத்தல். தடுக்கும் ஏற்பாடு ‘துண்டுயிர்ப்புத் தடுப்பு’.

தீவாக்கத்தைத் தள்ளிவிடவும் சொல்லவில்லை. மின்தொகுப்பு சரியும்போது மும்பையைத் தனியே பிரித்துக் காக்க ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. அது தெரிந்தே, திட்டமிட்டுச் செய்வது. ஆலையில் பிரேக்கரைத் திறந்து வெளியிணைப்பைப் பிரித்த பிறகு டீசல் ஜெனரேட்டரை ஓட்டுவதும் அவ்வகைதான். அவற்றுக்குத் தீவாக்கம் அழகாகப் பொருந்துகிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்திருக்கிறது; நாமும் அடைக்க வேண்டியதில்லை. ஒன்று காப்பது, மற்றது கொல்வது.

---

> இரண்டு சொல் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ‘உயிர்ப்பு’ என்றால் கிறித்தவ வழக்கில் இறந்தபின் எழுதல். செத்த கம்பி மீண்டும் எழுந்தது என்று படாதா? பல்லிவாலே வழி காட்டுகிறதே, ‘துண்டுத்துடிப்பு’ எனலாமே.

அன்புள்ள ஐயா, ‘துண்டுத்துடிப்பு’ எனக்கும் முதலில் தோன்றியதுதான். மின்னணுவியலில் துடிப்பு என்பது பல்ஸ் என்று நிலைபெற்றுவிட்டதே, அதனால் விட்டேன். உயிர்ப்பு பற்றிய ஐயம் நியாயமானது. அதனால் இரண்டு சொல்லையும் ஆலையில் எட்டுப் பேரிடம் விளக்கமில்லாமல் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டேன். துடிப்பு என்றதும் மின்சாரம் விட்டுவிட்டு வருவதாக ஐந்து பேர் சொன்னார்கள். உயிர்ப்பு என்றதும், “லைனில் உயிர் இருக்கிறது” என்று ஆறு பேர். எழுந்து வந்ததாக ஒருவரும் எண்ணவில்லை.

ஆலையின் எச்சரிக்கைப் பலகைக்கு எழுதிய வரி இது: ‘துண்டுயிர்ப்புத் தடுப்பு உள்ளது. ஆயினும் எர்த் செய்யாமல் கம்பியைத் தொடாதீர்.’ மூத்தவர் படித்துவிட்டு இரண்டாம் வாக்கியத்தை மேலே கொண்டுவந்து பெரிய எழுத்தில் போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.