'எல்லாரும் கள்ளர்தானே' என்பவர்களிடம் எதைக் காட்டுவது?

வெள்ளவத்தை வாசகன்:
ஊழல் கதை எடுத்தாலே "எல்லாரும் கள்ளர்தானே, விடுங்கோ" என்று முடித்துவிடுகிறார்கள். பில்லியன் என்றாலும் ஒருவரும் அசைவதில்லை. இலங்கையில் ஒரு எம்.பி.யின் சொத்து எப்படி ஏறியது என்று சாதாரண ஆள் பார்க்க வழி இருக்கிறதா? தமிழில் கேட்கலாமா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி, எம்.பி.க்களின் சொத்து விபரங்களை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இணையத்தில் வெளியிடுகிறது. மார்ச் 31இல் இருந்த நிலையை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. அடுத்தடுத்த இரண்டு வருடங்களை எடுத்து, கூடிய சொத்தையும் அந்த வருட வருமானத்தையும் பக்கத்தில் வையுங்கள். வருமானம் 60 இலட்சம், புதுக் காணி 4 கோடி, கடன் இல்லை என்றால் கேள்வி அங்கே பிறக்கிறது. பழைய காணி வாங்கிய விலைக்கே பதிவாகியிருக்கலாம். மொத்தத் தொகையை நம்பாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வங்கிக் கணக்கு இலக்கம் போன்றவை மறைக்கப்பட்டிருக்கும், அது சட்டப்படிதான்.

புறக்கோட்டை:
அந்தச் சொத்து விபரத்தில் வாழ்க்கைத்துணையும் தங்கிவாழும் பிள்ளைகளும் வருவார்கள், மைத்துனர் வரமாட்டார். பெரிய ஓட்டை அதுதான். அப்படியானவரின் கம்பனிப் பெயர் தெரிந்தால், கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி வருடாந்த அறிக்கையையும் (15ஆம் படிவம்) பணிப்பாளர் மாற்றத்தையும் (20ஆம் படிவம்) எடுக்கலாம்.

டெண்டர் விடயமென்றால் 2016இன் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். சம்பந்தப்பட்ட அரச நிறுவனத்துக்குத் தமிழிலேயே எழுதுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. "ஊழல் நடந்ததா?" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது, "இன்ன டெண்டரின் மதிப்பீட்டுக் குழு அறிக்கையின் பிரதி" என்று ஆவணத்தைக் கேட்க வேண்டும். 14 வேலைநாளில் முடிவு வராவிட்டால், அடுத்த 14 நாளுக்குள் அந்த நிறுவனத்தில் மேன்முறையீட்டைப் பார்க்கும் 'குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு' மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பலர் திகதியைத் தவறவிட்டுத்தான் தோற்கிறார்கள். பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

கணக்குப்பிள்ளை:
மனம் மரத்துப்போவது தொகை பிடிபடாததால்தான். கிலோக் கணக்கில் பேசுங்கள். 2020 ஒக்டோபரில் சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட அறவீடு (இறக்குமதி வரி) கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக இறங்கியது. கடையில் விலை அந்தளவுக்கு இறங்கவில்லை. திறைசேரி இழந்தது கிலோவுக்கு 49 ரூபா 75 சதம். அது யார் கைக்குப் போனது என்று கேளுங்கள், கடைக்காரரே கணக்குப் பார்ப்பார்.

'எல்லாரும்' என்ற சொல் குற்றவாளிக்குத்தான் வசதி. பொருளாதார நெருக்கடி வழக்கில் 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம், 4க்கு 1 என்ற பெரும்பான்மையில், கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறியதாகப் பெயர் குறித்தே தீர்ப்பளித்தது.

வெள்ளவத்தை வாசகன்:
நன்றி. ஆவணத்தில் ஏதாவது தட்டுப்பட்டால்?

கொட்டாஞ்சேனைக்காரன்:
இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம், எழுத்திலும் கொடுக்கலாம். ஆவணத்தின் பிரதியை இணைத்து, தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பொய்யென்று தெரிந்தே முறைப்பாடு செய்வது ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் குற்றம்.