புதுப்பிப்பு: தங்கச்சியின் போலிப் படம் விஷயம்

கோபிப் பக்கம் இருக்கும் சித்தப்பா மகளின் குண்டம் திருவிழாப் படத்திலிருந்து முகத்தை எடுத்து, ஏஐயில் நிர்வாணப் படமாக்கி யாரோ வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டதைப் போன மாதம் எழுதியிருந்தேன். சைபர்கிரைம் தளத்தில் புகார் பதிவாகிவிட்டது, ஆள் இன்னும் சிக்கவில்லை. இந்த மாதிரி அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ தளத்திலும் கொடுத்தோம். அதில் படத்தை ஏற்ற வேண்டியதில்லை, நம் போனிலேயே படத்தின் கைரேகை மாதிரி ஒரு ஹாஷ் எண் உருவாகி அது மட்டும்தான் போகிறது, ஆனால் 18 வயது ஆகியிருக்க வேண்டும், அதில் சேர்ந்திருக்கும் தளங்களில்தான் பலிக்கும்.

சரி, அவள் எப்படி இருக்கிறாள் என்றுதானே கேட்டீர்கள். அந்தப் படத்தில் உடம்பு அவளுடையதில்லை, காதில் தொங்கிய ஜிமிக்கி மட்டும் அவளுடையது, அப்பத்தா கொடுத்தது. அதைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டாள். பஸ்ஸில் யாராவது சும்மா போனைத் தூக்கினாலே துப்பட்டாவை முகத்துக்கு இழுக்கிறாள். "பொய்ப் படந்தானே, விடு அம்மிணி" என்று சொன்ன மடையர்களில் நானும் ஒருவன். "பார்த்தவங்களுக்கு அது தெரியுமாண்ணா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம், "இதுதானா?" என்று எனக்கே படத்தை அனுப்பிய இரண்டு சொந்தக்காரர்களுக்கு: அனுப்புவதும் ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 67ஆம் பிரிவில் குற்றம்தானுங்க. முதலில் அழியுங்கள்.