எல்டிஎல் 217 வந்துவிட்டது, எந்த எண்ணெய்க்கு மாறுவது? அவசரம்

திருப்பூர்_செந்தில்:
பேலியோவில் (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் டயட்) இருக்கிறேன். நேற்று ரிப்போர்ட் வந்தது, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 217. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார். வீட்டில் ஒரே சண்டை, நாளையிலிருந்து இட்லிதான் என்கிறார் அம்மா. தேங்காய் எண்ணெயை விட்டு நல்லெண்ணெய்க்கு மாறினால் குறையுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கவிதா_கோவை:
சகோ, 217 என்று மட்டும் சொன்னால் எப்படி? வயது, டயட் தொடங்கி எத்தனை மாதம், ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு), எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்), பழைய ரிப்போர்ட் எல்லாம் போடுங்கள். ஒரு நாள் சாப்பாட்டையும் அளவோடு எழுதுங்கள்.

பேலியோ_முன்னோடி:
இந்தக் கேள்வி வாரம் நான்கு முறை வருகிறது. மேலே நிறுத்தி வைத்திருக்கும் பதிவைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். மாவுச்சத்தைக் குறைத்தால் எல்டிஎல் ஏறும், அது பிரச்சினையே இல்லை. ஆறு வருடமாக இதில் இருக்கிறேன். அடிப்படை புரியாமல் டயட் தொடங்கினால் இப்படித்தான் பதற்றம் வரும்.

சாளை_தூத்துக்குடி:
தம்பி, மீன் சாப்பிடுகிறீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள். பேலியோவில் எல்லாரும் சாப்பிடும் பாதாமில் ஒமேகா 6 உண்டு, ஒமேகா 3 இல்லை என்றே சொல்லலாம். வாரம் மூன்று நாள் சாளை (மத்தி மீன்) சாப்பிடுங்கள். ஆளி விதையை நம்பாதீர்கள், அதிலுள்ள ஒமேகா 3 உடம்பில் மாறுவது மிகக் கொஞ்சம்.

மயிலை_வாசு:
ஃபில்டர் காபி எத்தனை டம்ளர்? காகித வடிகட்டியில் இறக்கினால் நின்றுவிடும் ஒரு கொழுப்புப் பொருள் நம் டிகாக்‌ஷனில் ஓரளவு இறங்கிவிடும். அதுவும் எல்டிஎல்லை ஏற்றும்.

திருப்பூர்_செந்தில்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். வயது 41. ஐந்து மாதம் ஆகிறது, 94 கிலோவிலிருந்து 83. இன்னும் 8 கிலோ இறங்க வேண்டும்.
முன்பு: மொத்தம் 208, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 236, எல்டிஎல் 123.
இப்போது: மொத்தம் 286, எச்டிஎல் 52, ட்ரைகிளிசரைடு 84, எல்டிஎல் 217.
காலையும் மாலையும் பட்டர் டீ. ஒவ்வொன்றிலும் 30 கிராம் வெண்ணெய், ஒரு பெரிய ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு மிக்ஸியில் நுரை வர அடிப்பேன். மதியம் மட்டன் அல்லது சிக்கன், கீரை, மேலே இரண்டு பெரிய ஸ்பூன் நெய். இரவு நான்கு முட்டை. இடையில் பாதாம் 50. மீன் மாதம் ஒரு முறை. காபி கிடையாது.

மதுரை_லேப்_சாந்தி:
பெரும்பாலும் எல்டிஎல்லை நேரடியாக அளக்க மாட்டார்கள். மொத்தத்தில் எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுவார்கள். 286-இல் 52, 17 போனால் 217. கணக்கு சரி. டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தீர்களா? தைராய்டு மந்தமாக இருந்தாலும் எல்டிஎல் ஏறும். எடை வேகமாக இறங்கும்போதும் சிலருக்குக் கொஞ்ச காலம் கூடுதலாகக் காட்டும்.

கவிதா_கோவை:
இப்போது புரிகிறது சகோ. ட்ரைகிளிசரைடு 236-லிருந்து 84, எச்டிஎல்லும் ஏறியிருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்த பலன் இது, அதை விட வேண்டாம். பிரச்சினை அந்த இடத்தில் எதை ஊற்றினீர்கள் என்பதில்.
எல்டிஎல்லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெயில் எடைக்குப் பாதி அதுதான். 60 கிராமுக்கு 30. தேங்காய் எண்ணெயில் 24 கிராம் வரை, நெய்யில் 17. கறி, முட்டையைச் சேர்க்காமலே 70 கிராம் தாண்டுகிறது. 1800 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 20 கிராம்தான்.
தேங்காய் எண்ணெயை மட்டும் மாற்றினால் போதாது. முதலில் பட்டர் டீயை நிறுத்துங்கள். இன்னும் 8 கிலோ இறங்க வேண்டியவர் கொழுப்பைக் குடிக்கத் தேவையில்லை, உடம்பில் இருப்பதே எரியட்டும். தாளிக்க நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன், நெய் கீரை மேல் ஒரு சின்ன ஸ்பூன். பாதாம் இருக்கட்டும், அதன் கொழுப்பில் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே வகை. மட்டன் வாரம் ஒரு நாள், மற்ற நாள் மீன். இசப்கோல் (நார்ச்சத்துள்ள உமி) ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். தாண்டிக்குடிப் பக்கத்து பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) கிடைத்தால் வாங்குங்கள்.
மாத்திரை விஷயத்தை இங்கே முடிவு செய்யாதீர்கள். 190-க்கு மேல் போனதை டாக்டர் சும்மா விட மாட்டார், விடவும் கூடாது. இந்தச் சாப்பாட்டுக் கணக்கை அவரிடம் காட்டுங்கள்.

பேலியோ_முன்னோடி:
ட்ரைகிளிசரைடு 84-க்கு இறங்கியவரைப் பயமுறுத்துகிறீர்கள். நம் தாத்தா பாட்டி நெய்யும் தேங்காயும் சாப்பிட்டுத்தான் வாழ்ந்தார்கள்.

கவிதா_கோவை:
ஐயா, எங்கள் பாட்டி வீட்டில் நெய் விசேஷ நாளில்தான் வரும். எச்டிஎல் தவிர மீதி கொலஸ்ட்ரால் இவருக்கு 170-லிருந்து 234 ஆகியிருக்கிறது. அதைக் கவலை வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. என் அப்பாவுக்கு 52 வயதில் ஸ்டென்ட் வைத்தோம்.

ஈரோடு_செக்கு:
நல்லெண்ணெய் என்றால் மரச்செக்கில் கருப்பட்டி போட்டு ஆட்டியதை வாங்குங்கள். கடையில் வருவது வேண்டாம்.

சேலம்_பிரபு:
கருப்பட்டி போட்டால் அது மாவுச்சத்து ஆயிற்றே, பேலியோவுக்கு ஆகுமா?

ஈரோடு_செக்கு:
கருப்பட்டி பிண்ணாக்கோடு போய்விடும் தம்பி. எள்ளிலிருந்து எண்ணெய் பிரிவதற்குத்தான் போடுகிறோம். பிண்ணாக்கைக் கடித்துப் பாருங்கள், இனிக்கும்.

சேலம்_பிரபு:
கடலை எண்ணெய்? நிலக்கடலை பருப்பு வகை, பேலியோவில் சேராது என்கிறார்களே.

ஈரோடு_செக்கு:
எண்ணெயில் வெறும் கொழுப்புதான். எங்கள் ஊரில் அதில்தான் சமையல்.

பேலியோ_முன்னோடி:
கடலையை உள்ளே விட்டால் அது பேலியோவே இல்லை. பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

சாளை_தூத்துக்குடி:
செந்தில் தம்பி எங்கே? எண்ணெய்ச் சண்டையில் அவரை விட்டுவிட்டோம்.

திருப்பூர்_செந்தில்:
இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டிஎஸ்ஹெச் நார்மல். டாக்டரிடம் பட்டர் டீ கணக்கைக் காட்டினேன். எட்டு வாரம் பார்ப்போம், குறையாவிட்டால் மாத்திரை என்றார். பட்டர் டீயை விட்டேன், வாரம் மூன்று நாள் சாளை, தாளிக்க நல்லெண்ணெய். நேற்றைய ரிப்போர்ட்: மொத்தம் 212, எச்டிஎல் 50, ட்ரைகிளிசரைடு 80, எல்டிஎல் 146. எடை 80. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். கவிதா அக்காவுக்கு நன்றி. அம்மா சாளை குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

சேலம்_பிரபு:
அந்த நல்லெண்ணெய் எங்கே வாங்கினீர்கள்?