கொரிய நிறுவனங்களை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றது அரசின் சலுகைதானா?

கேள்வி:
முதுகலைப் பொருளியல் பயில்கிறேன். 1968இல் ஃபோர்டு கார்ட்டினா காரின் பாகங்களைப் பூட்டித் தொழிலைத் தொடங்கிய ஹூண்டாய், முப்பதே ஆண்டுகளில் ஸ்ரீபெரும்புதூர் அருகே சான்ட்ரோ தயாரிக்கும் நிலைக்கு வளர்ந்ததற்கு அரசு கொடுத்த மலிவுக் கடனே காரணம் என்கிறார்கள். அப்படியானால், அதே காலத்தில் பாதுகாப்பும் சலுகையும் பெற்ற இந்திய நிறுவனங்கள் ஏன் வெளிநாடுகளில் காலூன்றவில்லை?

மறுமொழி 1:
கடன் மலிவாகக் கிடைத்தது உண்மை. 1965 வட்டிச் சீர்திருத்தத்துக்குப் பின் பொதுக் கடனுக்கு 26 விழுக்காடு வட்டி வாங்கிய கொரிய வங்கிகள், ஏற்றுமதியாளருக்கு 6.5 விழுக்காட்டில் கொடுத்தன. ஆனால் அதைப் பெறுவதற்கு வெளிநாட்டு வாங்குபவர் திறந்த எல்.சி.யை, அதாவது பணம் தருவதாக அவருடைய வங்கி அளிக்கும் உறுதிக் கடிதத்தை, காட்ட வேண்டியிருந்தது. எனவே, யார் தகுதியானவர் என்பதைப் பெரும்பாலும் வெளிச்சந்தையே முடிவுசெய்தது. அதிபர் பார்க் சுங் ஹீ முன்னிலையில் மாதந்தோறும் நடந்த கூட்டத்தில் ஏற்றுமதி இலக்குகள் அலசப்பட்டன. 1964இல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977இல் 1,000 கோடி டாலரைத் தொட்டது. இந்தியாவிலோ, தொழில் நடத்த அரசின் உரிமம் பெற்றவருக்கு உள்நாட்டிலேயே போட்டியின்றி லாபம் கிடைத்தது. அவர் ஏன் கடல் கடக்கப் போகிறார்?

மறுமொழி 2:
மேலே உள்ளதை ஏற்கிறேன். எனினும் சந்தையே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று கொள்ள முடியாது. கொரியத் துறைமுக நகரான உல்சானில் ஹூண்டாய் குழுமம் கட்டிய முதல் எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தவர் கிரேக்கக் கப்பல் அதிபர் லிவனோஸ். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அவர் இரண்டாவது கப்பலை ஏற்க மறுத்தார். தேங்கிய கப்பல்களைக் கொண்டு ஹூண்டாய் 1976இல் சொந்தமாகக் கப்பல் போக்குவரத்து நிறுவனம் தொடங்க, கொரியாவுக்கு வரும் கச்சா எண்ணெயைக் கொரியக் கப்பல்களே ஏற்றிவர வேண்டும் என்று விதித்து அரசு கைகொடுத்தது. தொழிற்சங்கங்களை ஒடுக்கிக் கூலியைத் தாழ்வாக வைத்திருந்ததும் அரசு ஆதரவின் ஒரு பகுதிதான். பாடநூல்கள் அதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

மறுமொழி 3:
அந்த வழி இன்று பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. ஏற்றுமதி செய்தால்தான் சலுகை என்ற நிபந்தனையையே உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தம் தடைசெய்கிறது. அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2019இல் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஏற்றுமதிக்கு ஊக்கத்தொகை தந்த எம்.இ.ஐ.எஸ். திட்டம் போய், 2021 முதல் ஆர்.ஓ.டி.டி.இ.பி. என்ற வரித் திருப்பளிப்புத் திட்டம் வந்தது. இதில் ஊக்கத்தொகை கிடையாது. பொருளின் விலைக்குள் புதைந்த, வேறு வழியில் திரும்பக் கிடைக்காத வரிகளைத் திருப்பித் தருவதே நோக்கம். என் பார்வையில், திருப்பூர் போன்ற ஊரின் சிறு ஏற்றுமதியாளருக்கு வட்டிச் சலுகையைவிட, வாங்கியவர் திவாலானால் இழப்பின் பெரும்பகுதியை ஏற்கும், இந்திய அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் ஏற்றுமதிக் கடன் காப்பீடுதான் புதிய நாட்டில் முதல் ஆர்டரை எடுக்கும் துணிச்சலைத் தருகிறது. பிரீமியம் நீண்டகாலச் செலவையும் இழப்பையும் ஈடுகட்டும்வரை, அந்த மானிய ஒப்பந்தமும் இந்தக் காப்பீட்டுக்குக் குறுக்கே நிற்பதில்லை.