ஷாரஸ்: ப்ளேயரா பெருசா, கோச்சா பெருசா?

பழைய_கார்டு:
2025ல துருக்கி க்ளப் ஃபெனர்பாச்சே யூரோலீக் (யூரோப் பாஸ்கெட்பால் க்ளப்புங்களோட பெரிய கப்) ஜெயிச்சதுல இருந்து அதோட கோச், லிதுவேனியாக்காரரு ஷாரூனஸ் யசிகேவிசியஸ் (ஷாரஸ்னே சொல்லிக்கிறேன், அந்த பேரு வாயில நுழையல) தான் யூரோப்போட பெரிய கோச்னு ஆளாளுக்கு தூக்கி வச்சு ஆடுறாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. ப்ளேயரா மனுஷன் 4 யூரோலீக், 2003 பார்சிலோனா, 2004லயும் 2005லயும் மக்காபி, 2009 பனாதினைகோஸ். மூணு வேற வேற க்ளப்புக்கு எடுத்துக் குடுத்திருக்காரு. கோச்சா? ஒண்ணே ஒண்ணு. அதுக்கு முன்னாடி பார்சிலோனா கோச்சா இருந்தப்ப மிரோட்டிச், ஹிக்கின்ஸ், கலாதெஸ்னு பெரிய டீம கையில வச்சுக்கிட்டு 2021 ஃபைனல்ல எஃபெஸ்கிட்ட 86-81 அவுட், 2022லயும் 2023லயும் செமில ரியல் மாட்ரிட்கிட்ட அடி, அந்த 2023 அடி சொந்த ஊர் கௌனஸ்லயே நடந்துச்சு.

பெஞ்ச்_பாலா:
அவரு கோச்சா இருந்த கௌனஸ் க்ளப் ஜல்கிரிஸ அப்படியே முழுங்கிட்டீங்களேண்ணே. 2016 ஜனவரில டீம எடுத்தாரு, 2018ல யூரோலீக் ஃபைனல் ஃபோர் (கடைசி நாலு டீம்). 1999ல கப் அடிச்சதுக்கு அப்புறம் அந்த க்ளப் அந்தப் பக்கமே போனதில்ல. பணக்கார டீம்ங்க முன்னாடி அவங்க பட்ஜெட் சில்லறை, ஆனா ப்ளேஆஃப்ல ஒலிம்பியாகோஸையே 3-1ன்னு முடிச்சாங்க, பங்கோஸ் பிக் அண்ட் ரோல் (ஒருத்தர் மறிச்சு நிக்க, பந்து வச்சவரு தாண்டிப் போற ஆட்டம்) ஆட, பிராண்டன் டேவிஸ் உள்ள இருந்து முடிக்க, யாங்குனஸ் மாதிரி சீனியர் பக்கத்துல நிக்க, ஒவ்வொரு செட்டும் பொறுமையா கடைசி வரைக்கும் ஓடும். அது கோச்சோட வேல இல்லாம வேற யாரோட வேல?

பழைய_கார்டு:
அதே டீம்ல மிசிச்னு ஒரு பையன் இருந்தானே ஞாபகம் இருக்கா? 2021 ஃபைனல்ல எஃபெஸுக்கு ஆடி இவருக்கே ஆப்பு வச்சு எம்விபி (சிறந்த ப்ளேயர் விருது) வாங்கிட்டு போனான். தான் வளர்த்தவன நிறுத்த தெரியலயே.

பெஞ்ச்_பாலா:
அப்ப நைஜல் ஹேய்ஸ் டேவிஸ் கணக்க எங்க எழுதுவீங்க? ஜல்கிரிஸ்ல இவர்கிட்ட ஆடுனான், பார்சிலோனால ஆடுனான், 2025 அபுதாபி ஃபைனல்ல ஃபெனர்பாச்சே மொனாக்கோவ 81-70ன்னு அடிச்சப்ப ஃபைனல் ஃபோர் எம்விபியும் அவன்தான். ப்ளேயருங்க இவர நம்புறாங்கண்ணே. ஜல்கிரிஸ் ப்ளேயர் லிமா மேட்டர் தெரியும்ல, 2017ல செமிஃபைனல் சீரிஸ் நடுவுல குழந்த பொறக்குதுன்னு கெளம்பிட்டான், அத ஒரு ரிப்போர்ட்டர் குறையா கேக்க, உனக்கு குழந்த இருக்கா தம்பிங்கற ரேஞ்சுல ஷாரஸ் குடுத்தாரு பாருங்க.

பழைய_கார்டு:
நல்ல மனுஷன், யாரு இல்லன்னா. ஆனா ரிப்போர்ட்டருக்கு பதில் குடுத்த அந்த வீடியோவ வச்சு கோச்சிங்க அளக்க முடியாது. டைம்அவுட்ல அவரு கத்துற கத்தும் இருக்கு, அதையும் சேத்துக்குவோமா?

என்பிஏ_மட்டும்:
ரெண்டு பேரும் வேஸ்ட்டா சண்ட போடாதீங்க. என்பிஏல (அமெரிக்க லீக்) ஒன்றர சீசன் இந்தியானா, அப்புறம் எட்டு பேர் ட்ரேட்ல கோல்டன் ஸ்டேட், அங்கயும் பெஞ்ச். அவ்ளோதான் அவரு லெவல்.

பழைய_கார்டு:
வாங்க சார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல டங்கன், ஐவர்சன் இருந்த அமெரிக்காவுக்கு எதிரா 28 பாயின்ட், லிதுவேனியா 94-90 வின். அதுக்கு நாலு வருசம் முன்னாடி சிட்னி செமில அதே அமெரிக்காகிட்ட 85-83ன்னு தோல்வி, இவரோட கடைசி த்ரீ பாயின்ட் ஷாட் உள்ள போயிருந்தா அப்பவே கத முடிஞ்சிருக்கும். 30 வயசு நெருங்கறப்ப போய் வேற மாதிரி ஆட சொன்னா யாரா இருந்தாலும் திணறத்தான் செய்வாங்க. பந்து அவரு கையில இருந்தாத்தான் அவரு ஷாரஸ்.

பெஞ்ச்_பாலா:
இதுல மட்டும் அண்ணன் பக்கம் 😂 2003 யூரோபாஸ்கெட் தங்கமும் எம்விபியும் விட்டுட்டீங்களே.

என்பிஏ_மட்டும்:
சரி சரி கடிக்காதீங்க. ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா எது?

பெஞ்ச்_பாலா:
2018 ஒலிம்பியாகோஸ் சீரிஸ், நாலையும் பாருங்க.

பழைய_கார்டு:
ஒண்ணு கேட்டா நாலு சொல்றான் பாரு. ஏதென்ஸ் போடுங்க சார், நாலாவது குவார்ட்டர் போதும்.