ஓமன் மலை ஏன் இப்படி மொட்டையாக இருக்கிறது?

கடையத்தான்:
மச்சான் ஓமன் நிஸ்வாவில் வேலை பார்க்கிறார், தினமும் வாட்ஸ்அப்பில் ஹஜர் மலைப் படமாக அனுப்பித் தள்ளுகிறார். பாபநாசம் மலையைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு அது மலை மாதிரியே தெரியவில்லை, புல் பூண்டு கிடையாது. இதில் மேலே ரோஜாத் தோட்டம் இருக்கிறது என்கிறார். கதை விடுகிறாரா? தண்ணீருக்கு எங்கே போவார்கள்?

களக்காடு அண்ணாச்சி:
கதை இல்லை தம்பி. அங்கே இரண்டு வகைப் பாறை. கரும்பச்சையாகக் குமிந்து கிடப்பது பழைய கடலடித் தரை, சுமார் 9.5 கோடி வருடங்களுக்கு முன்னால் உருவாகி, பூமித் தட்டுகள் நெருக்கியதில் அரேபிய நிலத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கவேண்டிய பாறையை அங்கே காரை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்க்கலாம், அதனால்தான் உலகத்துப் புவியியல்காரர்கள் எல்லாம் அங்கே கிடக்கிறார்கள். அதில் செடிக்கு வேண்டிய சத்து குறைவு, மழையும் குறைவு, அப்புறம் எப்படிப் பச்சை பிடிக்கும்? உயரமாகச் சாம்பல் நிறத்தில் தெரிவது சுண்ணாம்புக்கல். அதில் ஜெபல் ஷம்ஸ் என்கிற சிகரம் 3,000 மீட்டர் வரும்.

மேலப்பாளையம் பாய்:
தண்ணீர் விஷயம் நான் சொல்கிறேன். அந்தச் சுண்ணாம்புக்கல் மழையை உள்ளே வாங்கி வைத்து, அடிவாரத்தில் ஊற்றாக விடும். அதை ஃபலஜ் என்கிற வாய்க்காலில் இறக்கி, முதலில் குடிக்க, அப்புறம் பள்ளிவாசல், பிறகுதான் தோட்டம். நம் கன்னடியன் கால்வாயில் முறை வைத்துப் பாய்ச்சுகிற மாதிரிதான், ஆனால் அங்கே பகலில் நிழலைப் பார்த்தும் இரவில் நட்சத்திரத்தைப் பார்த்தும் முறை மாற்றுவார்கள். நிஸ்வாவிலேயே ஃபலஜ் தாரிஸ் ஓடுகிறது, 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐந்தில் ஒன்று. ஏப்ரலில் உன் மச்சான் சொன்ன ரோஜாத் தோட்டம் இருக்கிற ஜெபல் அக்தர் மலைமேலே போனால் ரோஜா இதழை மண் அடுப்பில் வேகவைத்துப் பன்னீர் இறக்குவதைப் பார்க்கலாம். புகைவாடையோடு இருக்கும், அதுதான் ருசி.

களக்காடு அண்ணாச்சி:
ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் கடலடிப் பாறையில்தான் செம்பு. சுமேரியர் களிமண் ஏட்டில் வருகிற ‘மகன்’ (Magan) என்கிற நாடு இதுதான் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோர் கருத்து. 1950களில் உள்நாட்டு மதத் தலைவரான இமாமின் ஆட்கள் சுல்தானை எதிர்த்து ஜெபல் அக்தர் மேலே ஏறிக்கொண்டார்கள், 1959 ஜனவரியில் பிரிட்டிஷ் சிறப்புப் படை ராத்திரியோடு ராத்திரியாக ஏறிப் பிடித்தது. குண்டு போட்டு இடித்த தனூஃப் ஊர் நிஸ்வா பக்கத்தில் இன்னும் குட்டிச்சுவராக நிற்கிறது, மச்சானைப் போய்ப் பார்க்கச் சொல்.

கடையத்தான்:
சரி அண்ணாச்சி. அவரிடம் ஒரு பழைய சின்னக் கார் இருக்கிறது, ஏறுமா?

மேலப்பாளையம் பாய்:
தனூஃபுக்குப் போகலாம். ஜெபல் அக்தருக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், இல்லையென்றால் பிர்கத் அல் மவ்ஸ் போலீஸ் செக்போஸ்ட்டிலேயே திருப்பிவிடுவார்கள்.