காயலாங்கடை அலுமினிய பில்லட்டில் ஜன்னல் செய்யலாமா?

பிரஸ்காரன்:
நேத்து இங்க ஒருத்தர் உபதேசம் பண்ணியிருந்தார்: "அலுமினிய ஸ்கிராப்பை உருக்கி ஊத்தின பில்லட்ல (உருளைக் கட்டில) வந்த ஜன்னல் சட்ட செக்‌ஷனைத் தொடாதீங்க, பாக்சைட்ல இருந்து புதுசா எடுத்த பிரைமரி மட்டும் வாங்குங்க." பிரஸ் பக்கமே எட்டிப் பாக்காதவங்க பாடம் எடுக்கக் கிளம்பிட்டாங்க. பில்லட்டை 450, 480 டிகிரிக்குச் சூடாக்கி, டைங்கற அச்சு ஓட்டை வழியா பிரஸ்ல தள்ளினா, உள்ள நாலு அறை இருக்கற செக்‌ஷன் ஒரே தள்ளுல நீளமா வருது. இரும்புல இதைச் செஞ்சு காட்டுங்க பாப்போம். எடையும் மூணுல ஒரு பங்குதான். இதைத் திரும்ப உருக்க, பாக்சைட்ல இருந்து எடுக்கற செலவுல இருபதுல ஒரு பங்கு சக்தி போதும். அது இரண்டாம் தரமாம்!

ஜன்னல்கடை:
உபதேசம் பண்ணது நான்தான். ஜன்னலுக்குப் போடற 6063 அலுமினியக் கலவைல கலந்திருக்கற இரும்புக்கு உச்சவரம்பு 0.35 சதவீதம். உங்க பில்லட்ல எவ்வளவு?

பிரஸ்காரன்:
0.35 எனக்கும் தெரியும்ங்க. எது எவ்வளவு கலந்திருக்குன்னு ஸ்பெக்ட்ரோ மெஷின்ல பாத்துட்டுத்தான் ஊத்தறோம். கூடினா பிரைமரி இங்காட் சேத்து இறக்குவோம். இரும்பு உள்ள ஊசி ஊசியா நிக்கும். பில்லட்டை 570 டிகிரி பக்கத்துல சூட்டுலயே வெச்சு ஹோமோ போட்டா ஊசி முனை மழுங்கி உருண்டு வரும். உலைக்கு முன்னாடி நின்னவனுக்குத் தெரியும்.

ஜன்னல்கடை:
கதை கேக்கலை. எவ்வளவு?

லேத்து:
6061-னு இன்னொரு அலுமினியக் கலவைல இரும்பு 0.7 வரைக்கும் விடறாங்க. அதுல வேலைத்துண்டைப் பிடிக்கற ஜிக், ஃபிக்ஸர்னு தினம் கடையறோம், வெண்ணெய் மாதிரி வெட்டுது. கொசுவலை மாட்டற ஜன்னலுக்கு இவ்வளவு பஞ்சாயத்தா?

ஜன்னல்கடை:
6061 பேச்சு இங்க எதுக்கு? 6063-க்கு 0.35. இரும்பு கூடின செக்‌ஷனை கரண்ட் விட்டு மேல ஆக்சைடு படலம் ஏத்தற அனடைசிங் தொட்டில இறக்கிப் பாருங்க, சாம்பல் பூத்த மாதிரி மங்கி நிக்கும்.

பிரஸ்காரன்:
கேக்கறவங்க பாதிப் பேர் பவுடர் கோட்டிங்தான் கேக்கறாங்க. பெயின்ட்டுக்கு அடியில பளபளப்பு எதுக்கு?

சும்மா_படிப்பவன்:
ஒரு சந்தேகம். ஸ்கிராப்னு எதைச் சொல்றீங்க? பிரஸ்ல மிச்சமான துண்டா, பழைய எஞ்சின் ஹெட்டா? எஞ்சின் பாகத்துல சிலிக்கான் ரொம்ப இருக்குமே?

மேட்டூரான்:
எங்க ஊர்ல மால்கோ அலுமினிய ஆலை ஓடின காலத்துல சேர்வராயன் மலை பாக்சைட்ல இருந்து உலோகம் எடுத்தோம். அது பிரைமரி! இப்ப காயலாங்கடையில பொறுக்கிட்டு வந்து பெருமை பேசறாங்க.

பிரஸ்காரன்:
அண்ணே, கிலோவுக்கு 14 யூனிட் பக்கம் கரண்ட் தின்னற தொழில் அது. உங்க ஊர் பெருமையை வச்சு என் பிரஸ் ஓடாது.

மேட்டூரான்:
ஊரை இழுக்காதீங்க தம்பி.

பிரஸ்காரன்:
இழுத்தது நீங்க.

ஜன்னல்கடை:
ஊர் சண்டையில என் கேள்வியைப் புதைச்சிடாதீங்க. போன வருஷம் ஒரு லோடு இறக்கினேன், ஷட்டர் செக்‌ஷன் கையால அழுத்தினாலே வளைஞ்சுது. ஸ்கிராப் பில்லட்தான். நஷ்டம் என் தலையில.

பிரஸ்காரன்:
அது ஏஜிங் போடாத சரக்கு! 180 டிகிரி அடுப்புல ஆறு மணி நேரம் வெச்சாத்தான் 6063-க்கு முறுக்கே ஏறும். டீசலை மிச்சம் பிடிச்சவனை விட்டுட்டு பில்லட்டைத் திட்டறீங்க. பிரைமரியையே ஏஜிங் போடாம அனுப்பினா அதுவும் வளையும். இன்னொண்ணு, நீங்க ஜன்னல் மாட்டறவர் மட்டும்தானா, பிரைமரி செக்‌ஷன் ஸ்டாக் வெச்சு விக்கறவரா? அதையும் சொல்லிட்டுப் பேசுங்க.

ஜன்னல்கடை:
விக்கறேன், பில் போட்டுத்தான் விக்கறேன். நீங்க?

பிரஸ்காரன்:
பில்லைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க. எனக்கு ஜிஎஸ்டி வந்த நாள்ல இருந்து ஒரு ரூபா பாக்கி இல்லை.

லேத்து:
ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டை ஃபோட்டோ எடுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது.

பிரஸ்காரன்:
கஸ்டமர் ரிப்போர்ட்டைப் பொதுவுல எப்படிப் போடறது? பட்டறைக்கு வரச் சொல்லுங்க, காட்டறேன்.

ஜன்னல்கடை:
நான் ஏன் வரணும்? நம்பரை இங்கயே எழுதுங்க. 0.35-க்குக் கீழயா, மேலயா?

பிரஸ்காரன்:
முதல்ல உங்க பிரைமரி ஸ்டாக்கோட டெஸ்ட் சர்டிஃபிகேட்டைப் போடுங்க.